அஞ்சாவது பிரஸ் வாங்குவதற்கு முன்னால்: சின்ன தொழிற்சாலைக்கு சிமுலேஷன் ஆரம்பிப்பது எப்படி

மதுரை பக்கத்துக் கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் பிளானிங் பார்த்துக்கொண்டிருந்தபோது நாலு பிரஸ் (ரப்பரைச் சூடாக்கி அழுத்திப் பாகமாக்கும் மெஷின்) ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் எல்லாம் தாமதமாகப் போகிறது, பிரஸ் பத்தவில்லை என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். லோன் வாங்கி, அஸ்திவாரம் போட்டு, கரண்ட் லோடு கூட்டி வாங்கி, அஞ்சாவது பிரஸ் வந்து இறங்கி மூன்று மாதம் ஆன பிறகு டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால், முன்பு மாதத்துக்கு அனுப்பியதைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. அஞ்சு பிரஸ்ஸில் ஏதாவது ஒன்று எப்போதும் நின்றுகொண்டே இருந்தது. டை, அதாவது ரப்பருக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அதை மாற்றுவதற்கு ஷிப்டுக்கு ஒரு செட்டர்தான். இரண்டு பிரஸ் ஒரே நேரத்தில் டை மாற்றத்துக்கு வந்தால் ஒன்று காத்துக்கிடக்க வேண்டியதுதான். அஞ்சாவது பிரஸ்ஸும் போய் அதே வரிசையில் நின்றது, அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் சிமுலேஷன். பெரிய கார் கம்பெனிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைத்து நம் பக்கத்துச் சின்ன யூனிட்டுகள் இதைத் தொடுவதே இல்லை, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. டிப்ளமோ முடித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும், அப்பாவின் பட்டறையைக் கையில் எடுத்திருக்கிறவர்களுக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிமுலேஷன் என்றால் என்ன

சிமுலேஷன் என்றதும் பலருக்குக் கம்ப்யூட்டர் திரையில் பொம்மை மெஷின்கள் ஓடும் படம்தான் நினைவுக்கு வரும். படம் இல்லாமலும் சிமுலேஷன் உண்டு. தொழிற்சாலையில் ஒரு நாள் நடப்பதைக் காகிதத்திலோ கம்ப்யூட்டரிலோ அப்படியே நடத்திப் பார்ப்பதுதான் அது: மூலப்பொருள் வருகிறது, மெஷின் காலியாக இருந்தால் ஏறுகிறது, இல்லையென்றால் வரிசையில் நிற்கிறது, முடிந்ததும் அடுத்த இடத்துக்குப் போகிறது. உற்பத்திக்கும் போக்குவரத்துக்கும் பெரும்பாலும் பயன்படும் வகையில் கடிகாரம் நொடிக்கு நொடி நகராது, ஒரு சம்பவத்திலிருந்து அடுத்த சம்பவத்துக்குத் தாவும். 9:10-க்கு லாரி வந்தது, 9:25-க்கு முந்தைய லாரி கிளம்பியது என்று நடுவில் ஒன்றும் நடக்காத நேரத்தை விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் ஒரு மாத உற்பத்தியைச் சில நொடிகளில் ஓட்டிப் பார்த்துவிட முடிகிறது.

இது ஒன்றும் நேற்று வந்த விஷயம் இல்லை. ஐபிஎம்மில் இருந்த ஜெஃப்ரி கார்டன் 1961-லேயே இதற்கென்று ஜிபிஎஸ்எஸ் என்ற மொழியைக் கொண்டுவந்துவிட்டார். நார்வேயில் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சேர்ந்து சிமுலேஷனுக்காக உருவாக்கிய சிமுலா என்ற மொழியிலிருந்துதான் இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற ஆப்ஜெக்ட் முறை புரோகிராமிங்கே கிளைத்தது.

எல்லாவற்றுக்கும் இது வேண்டியதில்லை. ஒரே மெஷின், ஒரே பொருள், நேரமும் பெரிதாக மாறாது என்றால் கால்குலேட்டரே போதும். நேரம் ஏறி இறங்கும்போதும், ஒரே ஆளுக்கோ ஒரே மெஷினுக்கோ பல பேர் காத்திருக்கும்போதும், ஒரு இடத்துத் தாமதம் இன்னொரு இடத்தை நிறுத்தும்போதும் கால்குலேட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் சிமுலேஷன் வேண்டும்.

முதலில் ஒரு பகடையை எடுங்கள்

சாஃப்ட்வேர் எதையும் இறக்குவதற்கு முன்னால் வீட்டில் கிடக்கும் பகடை ஒன்றையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள், அரை மணி நேரம்தான் ஆகும். கையால் ஒரு தடவை செய்தவருக்குத்தான் பின்னால் கம்ப்யூட்டர் சொல்வது சரியா தப்பா என்று உறைக்கும்.

ஒரு லோடிங் இடம் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். லாரிகளுக்கு இடையே உள்ள நேரத்துக்கு ஒரு உருட்டு: 1 விழுந்தால் 10 நிமிடம், 2 என்றால் 20, 3-ம் 4-ம் 30, 5 என்றால் 40, 6 என்றால் 50. சராசரி 30 நிமிடம். சரக்கு ஏற்றும் நேரத்துக்கு இன்னொரு உருட்டு: 1 என்றால் 15, 2 என்றால் 20, 3-ம் 4-ம் 25, 5 என்றால் 30, 6 என்றால் 35. இதன் சராசரி 25. ஆக அரை மணிக்கு ஒரு லாரி வருகிறது, ஏற்றி முடிக்க 25 நிமிடம் ஆகிறது. காகிதத்தில் பார்த்தால் ஒவ்வொரு லாரிக்கும் 5 நிமிடம் மிச்சம், யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது உருட்டுவோம். முதல் லாரி 9:00-க்கு வருகிறது, 25 நிமிடத்தில் ஏற்றி 9:25-க்குக் கிளம்புகிறது. அடுத்த உருட்டு 1, ஆக இரண்டாவது லாரி 9:10-க்கே வந்து 15 நிமிடம் நிற்கிறது. அதற்கு ஏற்ற 30 நிமிடம், 9:55-க்குக் கிளம்புகிறது. மூன்றாவது 9:40-க்கு வருகிறது, அதுவும் 15 நிமிடம் நிற்கிறது, 20 நிமிடத்தில் ஏற்றி 10:15-க்குக் கிளம்புகிறது. நாலாவது 10:00-க்கு வந்து 15 நிமிடம் நின்று, 35 நிமிடம் ஏற்றி 10:50-க்குப் போகிறது. அஞ்சாவது 10:10-க்கே வந்துவிடுகிறது, அதற்கு 40 நிமிடக் காத்திருப்பு, பிறகு 25 நிமிடம் ஏற்றி 11:15-க்குக் கிளம்புகிறது. ஆறாவது 11:00-க்கு வந்து 15 நிமிடம் நின்று, 15 நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு 11:30-க்குப் போய்விடுகிறது. ஏழாவது 11:40-க்குத்தான் வருகிறது, நடுவில் 10 நிமிடம் லோடிங் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அது 12:05-க்குப் போனால் எட்டாவது 12:10-க்கு வருகிறது, இன்னொரு 5 நிமிடம் சும்மா, அதற்கும் 25 நிமிடம் ஏற்றினால் கணக்கு முடிந்தது.

எட்டு லாரி, மொத்தம் 100 நிமிடக் காத்திருப்பு. ஏற்றிய நேரத்தின் சராசரியை வேண்டுமானால் கூட்டிப் பாருங்கள், சரியாக 25 நிமிடம்தான். யாரும் மெதுவாக வேலை செய்யவில்லை. காலையில் லாரிகள் நெருக்கி வந்தபோது வரிசை சேர்ந்தது, பின்னால் 15 நிமிடம் ஆட்கள் சும்மா இருந்தாலும் அந்த நேரத்தைக் காலைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. என் பார்வையில் சிமுலேஷனில் புதிதாக வருபவர் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான், மீதியெல்லாம் கருவிதான். வரிசையை உண்டாக்குவது சராசரி மட்டும் இல்லை, ஏற்ற இறக்கமும்தான்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஒரே ஒரு மெஷின், வருகையும் வேலை நேரமும் முழுக்கத் தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்றால், அது 80 சதவீத நேரம் வேலையில் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. மெஷின் ஒரு நிமிடம்கூட சும்மா இருக்கக் கூடாது என்று முதலாளி கேட்கும்போது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை இந்த எண்களைக் காட்டித்தான் அவருக்குப் புரிய வைக்க வேண்டும்.

கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

அடுத்து, சிமுலேஷன் எதற்கு என்று ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். 'உற்பத்தியைக் கூட்டுவது எப்படி' என்பதெல்லாம் கேள்வி ஆகாது. 'அஞ்சாவது பிரஸ் வாங்கினால் ஒரு நாளைக்கு எத்தனை ஷாட் (பிரஸ் ஒரு தடவை அழுத்தி எடுப்பது) கூடும்? அதற்குப் பதில் இன்னொரு செட்டரை வைத்தால் எத்தனை கூடும்?' என்று கேட்டால்தான் மாடலுக்குள், அதாவது தொழிற்சாலையைப் போலவே நாம் கட்டும் கணக்குக்குள், எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியும். கேள்வி இல்லாமல் ஆரம்பித்தவர்கள் கேண்டீன் நாற்காலி வரைக்கும் மாடலில் வரைந்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு தளத்தில் நடங்கள். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக் காம்பவுண்ட் (ரப்பர் கலவை) மிக்ஸிங்கில் ஆரம்பித்து, பிரஸ், ட்ரிம்மிங் (ஓரத்துப் பிசிறை வெட்டுவது), இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங் என்று அதன் பின்னாலேயே போய், ஒவ்வொரு இடத்திலும் அது எதற்காக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் நிற்கிறதா, டிராலி இல்லாமலா, சூப்பர்வைசர் கையெழுத்துக்காகவா? ஜாப் கார்டில் இருப்பது ஒன்றாகவும் நடப்பது வேறாகவும்தான் பெரும்பாலும் இருக்கும். ட்ரிம்மிங்கை வெளியே வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிற இடமாக இருந்தால், போகிற மூட்டையும் வருகிற மூட்டையும்கூட உங்கள் மாடலில் ஒரு ஸ்டேஷன்தான்.

நேரம் எடுப்பது

வேலையில் பாதி இதுதான். ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு போய் நிற்பதற்கு முன்னால், ஏன் எடுக்கிறீர்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். நேரம் எடுத்தால் அடுத்த மாதம் டார்கெட்டைக் கூட்டுவார்கள், பீஸ் ரேட்டைக் குறைப்பார்கள் என்று பயப்படுவார்கள். அது நியாயமான பயம். அந்தப் பயத்தைத் தீர்க்காமல் எடுத்த நேரம் எதற்கும் உதவாது, ஒருவர் வேகமாகக் காட்டுவார், இன்னொருவர் மெதுவாகக் காட்டுவார். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, இதை வைத்துக் கூலியில் கை வைப்பதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒரு வேலைக்கு 30 தடவையாவது அளந்தால் நல்லது. நாளைக்கு இரண்டு முறை மட்டும் நடக்கிற வேலைகளுக்கு அவ்வளவு சேர்க்க நாளாகும். அதுவரை அந்த வேலையைச் செய்பவரிடம் மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் கூடி வந்தால் எவ்வளவு நேரம், வழக்கமாக எவ்வளவு, மோசமான நாளில் எவ்வளவு. இந்த மூன்றையும் வைத்து முக்கோணப் பரவல் என்று ஒன்றை எல்லா சிமுலேஷன் சாஃப்ட்வேரிலும் கொடுக்கலாம். அதன் சராசரி மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும்.

எங்கள் செட்டர் அண்ணனிடம் கேட்டபோது, "ஒரு மணி நேரம்கூட ஆகாது தம்பி, அம்பத்தஞ்சு நிமிஷம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பெரும்பாலான நாளில் அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, சின்ன டையாக இருந்தால் 40 நிமிடத்திலும் முடியும், பெரிய டை, போல்ட் இறுகிப்போய்விட்டது, ஹீட்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் 130 நிமிடம்கூட ஆகும் என்றார். 40, 55, 130. கூட்டினால் 225, மூன்றால் வகுத்தால் 75. எல்லோரும் 55 என்று நம்பிக்கொண்டிருந்த வேலையின் சராசரி 75 நிமிடம்.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். பிரஸ்ஸுக்கு நாளைக்கு இரண்டு டை மாற்றம், நாலு பிரஸ்ஸுக்கு எட்டு. இரண்டு ஷிப்டிலும் சேர்த்து செட்டர் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் சுமார் 900 நிமிடம். 55 என்று போட்டால் 440 நிமிடம், பாதி நேரம் அவர் சும்மா இருப்பது போல் தெரியும், அதனால்தான் யாருக்கும் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. 75 என்று போட்டால் 600 நிமிடம், 67 சதவீதம். அஞ்சாவது பிரஸ் வந்ததும் பத்து மாற்றம், 750 நிமிடம், 83 சதவீதம். மேலே சொன்ன மடங்குக் கணக்கை வைத்தால் காத்திருப்பு 2 மடங்கிலிருந்து 5 மடங்குக்குப் பக்கத்தில் போகிறது. அஞ்சே பிரஸ் என்பதால் நிஜத்தில் வரிசை அவ்வளவு நீளாது, அந்தச் சூத்திரம் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் வரிசைக்கானது. ஆனாலும் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. சரியான அளவைச் சொல்லத்தான் சிமுலேஷன்.

பழுதையும் கரண்ட் கட்டையும் எப்படிக் கொடுப்பது என்பதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். மெஷின் பத்து சதவீத நேரம் பழுதாகிறது, ஆகவே வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்துப் போடுவோம் என்று விடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. மணிக்கு 6 நிமிடம் நிற்பதும், பத்து நாளில் ஒரு நாள் முழுக்க நிற்பதும் சராசரியில் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் பின்னால் இருக்கிற ட்ரிம்மிங் முழுவதும் காய்ந்துபோகும், முன்னால் காம்பவுண்ட் மலைபோல் குவியும். எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை நிற்கிறது, நின்றால் எவ்வளவு நேரம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். கரண்ட் போனால் போன நேரம் மட்டும் நஷ்டம் இல்லை, ஆறிப்போன டை மறுபடி சூடேறும் நேரமும் சேரும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் நிறுத்துகிற நாள் முன்கூட்டியே தெரியும், அதைக் காலண்டரில் போடுங்கள்.

ஆட்கள் வருகையும் அப்படித்தான். நம் ஊரில் முகூர்த்த நாள், குலதெய்வம் கோயில் கும்பிடு, ஊர்த் திருவிழா, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்கள் எல்லாம் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அப்படியே தெரியும். சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால் ஒரே நாளில் மொத்தமாக லீவு போடுவார்கள். 'சராசரியாக எட்டு சதவீதம் வரமாட்டார்கள்' என்று ஒரு எண்ணைப் போட்டு விட்டுவிட்டால் அந்த நாள் மாடலில் வரவே வராது.

மாடல் கட்டுவது

எக்செல்லிலேயே ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு லாரி. வந்த நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று மூன்று பத்தி. இந்த லாரி வந்தது, முந்தைய லாரி கிளம்பியது, இரண்டில் எது பிந்தியதோ அதுதான் தொடங்கும் நேரம், அதற்கு மேக்ஸ் சூத்திரம் போதும். பகடைக்குப் பதில் ராண்ட் சூத்திரம். எஃப்9 பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு புது நாள் ஓடும். ஒரு ஸ்டேஷன், இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் இதுவே நன்றாக ஓடும்.

அதற்கு மேல் போனால், பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு சிம்பை என்ற இலவச லைப்ரரி இருக்கிறது. கோடு எழுதுவதே ஆகாது என்பவர்களுக்கு ஜாம்சிம் இருக்கிறது, அதுவும் இலவசம், திறந்த மூலம், பெட்டிகளை இழுத்துவைத்து இணைத்தால் போதும். எனிலாஜிக்கில் கற்றுக்கொள்வதற்கு ஒரு இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் அதைக் கம்பெனி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, உரிமம் வாங்க வேண்டும். அரீனா, ஃப்ளெக்ஸ்சிம், சீமென்ஸின் பிளான்ட் சிமுலேஷன் எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை, பெரிய பிளான்டுகளில் பார்க்கலாம். என்னைக் கேட்டால் முதல் மாடலுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

எதில் கட்டினாலும் சின்னதாக ஆரம்பியுங்கள். ஒரு பிரஸ், ஒரு பொருள், பழுது கிடையாது. அது ஓடி, கையால் போட்ட கணக்கோடு ஒத்துவந்த பிறகு இரண்டாவது பிரஸ், அப்புறம் செட்டர், அப்புறம் பழுது. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டு விடை தப்பாக வந்தால் எங்கே தப்பு என்று தேடி மாளாது.

நம்பலாமா என்று சோதிப்பது

மாடல் ஓட ஆரம்பித்ததும் உடனே அஞ்சாவது பிரஸ்ஸைப் போட்டுப் பார்க்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். இன்றைக்கு இருக்கிற தொழிற்சாலையை அது சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். போன மாத ஆர்டரைக் கொடுத்து ஓட்டி ரிஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். நான் முதலில் கட்டிய மாடல் நிஜத்தைவிட நிறைய ஷாட் காட்டியது. டீ நேரத்தை மறந்திருந்தேன், டை சுத்தம் செய்வதை மறந்திருந்தேன், ட்ரிம்மிங்குக்குத் தள்ளிக்கொண்டு போக இரண்டே டிராலிதான் இருக்கிறது என்பதையும் மறந்திருந்தேன். மூன்றாவதைக் கண்டுபிடித்துச் சொன்னது ட்ரிம்மிங்கில் இருந்த ஒரு அக்கா. "தம்பி, டிராலி எங்க பக்கம் நிக்கையில அங்க பீஸை எதுல போடுவாக?" என்று கேட்டார். மாடலை ஆபீஸ் ரூமுக்குள் வைத்துக்கொள்ளாமல் தளத்தில் இருக்கிறவர்களுக்குத் திரையில் ஓட்டிக் காட்டுங்கள், படம் ஓடுவதில் உண்மையான பிரயோஜனம் அங்கேதான் இருக்கிறது.

சீக்கிரம் சரிபார்க்க ஒரு வழி உண்டு, லிட்டில் விதி என்பார்கள், ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. உள்ளே கிடக்கும் சரக்கு, நாளைக்கு வெளியே போகும் அளவு, ஒரு பீஸ் உள்ளே இருக்கும் நாட்கள், இந்த மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது வந்துவிடும். தளத்தில் பாதி முடிந்த பீஸ் 6,000 கிடக்கிறது, நாளைக்கு 2,000 போகிறது என்றால் ஒரு பீஸ் சராசரியாக மூன்று நாள் உள்ளே இருக்கிறது. மாடல் ஒரு நாள் என்று சொன்னால் எங்கேயோ ஒரு வரிசையை விட்டிருக்கிறீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மாடல் ஆரம்பிக்கும்போது தொழிற்சாலை காலியாக இருக்கும், நிஜத்தில் அப்படி இருக்காது, ஆகவே முதல் சில நாள் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுங்கள். ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு முடிவு சொல்லாதீர்கள், 20 அல்லது 30 தடவை வேறு வேறு ராண்டம் எண்களோடு ஓட்டுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் 90 பீஸ் அளவுக்குத் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) இருக்கிறது, 20 தடவை ஓட்டியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் சராசரியிலேயே ஏறக்குறைய 42 பீஸ் கூடக் குறைய இருக்கலாம். புது ஏற்பாட்டில் 40 பீஸ் கூடியது என்று அப்போது சொல்ல முடியாது. இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே ராண்டம் எண்களைக் கொடுங்கள், அதே பழுது, அதே ஆர்டர் இரண்டிலும் வந்தால்தான் வித்தியாசம் ஏற்பாட்டினால் வந்தது என்று சொல்லலாம்.

மாற்றிப் பார்ப்பது

இனிமேல்தான் பலன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிரஸ் வந்த பிறகுதான் என்றாலும் நாங்கள் மூன்று வழியை ஓட்டிப் பார்த்தோம்: இன்னொரு செட்டர், பேட்ச் அளவை (ஒரு டையில் தொடர்ந்து ஓட்டும் எண்ணிக்கையை) பெரிதாக்கி டை மாற்றத்தைக் குறைப்பது, அடுத்த டையை முன்கூட்டியே வெளியே ஹீட்டர் பிளேட்டில் சூடாக்கி வைப்பது. பேட்ச்சைப் பெரிதாக்கினால் பிரஸ் நன்றாக ஓடியது, ஆனால் உள்ளே கிடக்கும் சரக்கு ஏறியது, சின்ன ஆர்டர்கள் இன்னும் தாமதமாயின. சூடாக்கி வைக்கும் வழி நன்றாக வந்தது. அதுவரை டை பிரஸ்ஸில் ஏறிய பிறகுதான் சூடேறும், அண்ணன் பக்கத்திலேயே நின்று முதல் ஷாட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த பிரஸ்ஸுக்குப் போவார். முன்னாலேயே சூடாக இருந்தால் 25, 35, 60 என்று மூன்று எண்ணும் இறங்கும் என்று அவரே சொன்னார். சராசரி 40. பத்து மாற்றத்துக்கு 400 நிமிடம், அதாவது 44 சதவீதம். மெஷின் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டியதையும், ஓடும்போதே முன்கூட்டிச் செய்துவைக்கக் கூடியதையும் பிரிப்பது என்ற இந்த யோசனை ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ சொல்லிக் கொடுத்தது. ஹீட்டர் பிளேட்டின் விலை பிரஸ்ஸோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

தூத்துக்குடி வரைக்கும்

பிரஸ்ஸோடு கதை முடியாது, ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு சரக்கு துறைமுகத்தில் நேரத்துக்குள் சேர வேண்டும். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பேக்கிங் பகல் 3 மணிக்கு முடியும், ஏற்ற முக்கால் மணி, சாலையில் மூன்றரை மணி, துறைமுக கேட்டில் ஒரு மணி என்று சராசரியைக் கூட்டினால் 8:15. கட்-ஆஃப் (சரக்கு உள்ளே சேர வேண்டிய கடைசி நேரம்) இரவு 9 மணி என்றால் முக்கால் மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். நாலு இடத்துக்கும் மூன்று மூன்று எண் கொடுத்து எக்செல்லில் நூறு தடவை ஓட்டி, எத்தனை தடவை 9 மணியைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். முன்னால் போய்ச் சேர்ந்த நாளில் கிடைத்த நேரம், பிந்திய நாளுக்கு உதவாது. கப்பல் போய்விட்டால் போய்விட்டதுதான். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது சேரும்' என்பது இல்லை, 'நூற்றுக்கு எத்தனை தடவை தவறும்' என்பதுதான்.

இன்னொரு இடத்திலும் கவனமாக இருங்கள். ஒரு கன்டெய்னரில் மூன்று வகைப் பொருள் போக வேண்டும், ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது தடவை நேரத்துக்குத் தயாராகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து தயாராக இருப்பது நூற்றுக்கு 73 தடவைதான், 0.9-ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு செக்‌ஷனும் 'நாங்கள் ஒழுங்காகத்தான் கொடுக்கிறோம்' என்று சொல்லும், எல்லோரும் சொல்வதும் உண்மைதான், ஆனாலும் நாலில் ஒரு கன்டெய்னர் நின்றுபோகும். இதனால் டிஸ்பாட்ச் ஆட்களைத் திட்டுவது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

முதலாளியிடம் கொண்டுபோகும்போது ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். 'நாளைக்கு இத்தனையிலிருந்து இத்தனை வரைக்கும் வரும், பிரஸ்ஸுக்கு டை மாற்றம் நாளைக்கு மூன்றாகக் கூடினால் இந்தக் கணக்கு நிற்காது' என்று சொல்லுங்கள். மாற்றம் செய்த பிறகு ஒரு மாதம் மறுபடி அளந்து, மாடல் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் எந்த நேரம் தப்பு என்று தேடித் திருத்துங்கள். எடுத்த நேரங்களை எல்லாம் ஒரு நோட்டில் தேதி, டை எண், ஷிப்ட், அளந்தவர் பெயரோடு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புது டை வரும்போது, அல்லது அந்த இடத்துக்கு உங்களுக்குப் பதில் வேறு ஒருவர் வரும்போது, சாஃப்ட்வேர் ஃபைலைவிட முதலில் தேடப்போவது அந்த நோட்டைத்தான்.